ஃபோகஸ் லைட் மறைத்த வடிகால் மூடி

போன ஐப்பசியில் சென்னை பெசன்ட் நகரில் ஓர் அடுக்ககச் சங்கத்தார் கூப்பிட்டிருந்தார்கள். கட்டடங்களுக்கு வெளிவிளக்கு அமைத்துத் தருவது என் தொழில். கேட்டின் இரண்டு தூண்களிலும் தெருவைப் பார்த்தபடி 50 வாட் ஃபோகஸ் லைட் ஒவ்வொன்று. அந்தத் தெருவில் ஒருவரிடம் செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடிய பிறகு மாட்டியவை. மாட்டிச் சில வாரங்களில், மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, கேட்டுக்கு வெளியே மழைநீர் வடிகால் மூடியில் இடறி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு.

"இவ்வளவு வெளிச்சம் இருந்தும் எப்படி சார் விழுந்தாங்க?" என்றார் செயலாளர். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார்: "அது வெளிச்சம் இல்ல தம்பி. மூஞ்சியில அடிக்கிற டார்ச்." என் ரிப்போர்ட்டில் இதைத்தான் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமன் தரும்; லூமன் என்பது விளக்கு தரும் ஒளியின் அளவு. இன்றைய 50 வாட் எல்.ஈ.டி ஃபோகஸ் லைட் சாதாரணமாக 5,000 லூமன் தருகிறது. ஏழு குண்டு பல்புகளை ஒரே இடத்தில் கட்டி, நடந்து வருபவரின் முகத்துக்கு நேரே பிடித்தால் எப்படி இருக்கும்? கண் அந்த விளக்குக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். காலடியில் இருக்கும் மங்கலான படி, பள்ளம், படுத்திருக்கும் நாய் எல்லாம் கறுப்பாகிவிடும். அந்த வட்டத்தைத் தாண்டி இருட்டுக்குள் போனாலும் உடனே தெரியாது. கண் இருளுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். வயதானவர்களுக்குக் கண்ணின் லென்ஸ் கலங்கியிருப்பதால் வரும் ஒளி உள்ளேயே சிதறிப் பனிமூட்டம்போல் ஆகிவிடுகிறது.

உங்கள் வாசலிலேயே சோதித்துப் பாருங்கள். இரவில் பிளாட்பாரத்தில் நின்று, அந்த விளக்கு மட்டும் மறையும்படி கையை நீட்டிப் பிடியுங்கள். மறைத்ததும் தெரு இன்னும் நன்றாகத் தெரிகிறதா? அப்படியென்றால் அந்த விளக்குக்கு நீங்கள் கட்டும் கரன்ட் பில், தெருவை இருட்டாக்குவதற்கான செலவு.

தெருவிளக்குதான் இருக்கிறதே, கட்டட விளக்கைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்பார்கள். தெருவிளக்கு வண்டி ஓடும் சாலைக்காக உயரத்தில் நிற்பது. தூங்குமூஞ்சி மரமும் புங்கையும் கவிந்த தெருக்களில் அந்த வெளிச்சம் இலைகளோடு நின்றுவிடும். கீழே நடப்பவருக்கு மிஞ்சுவது வீட்டு வாசலிலும் கடை முகப்பிலும் இருந்து வருவதுதான். 2019-இல் நடைபாதை வளாகமாக மாறிய பாண்டி பஜாரில் கடைகள் மூடிய பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். பழைய வீடுகளில் விளக்குமாடம் வாசலை ஒட்டிச் சுவருக்குள் பதிந்திருக்கும். சுடர் பக்கவாட்டில் மறைந்து, வெளிச்சம் திண்ணைக்கும் படிக்கும் போதுமானதாக இருக்கும். எண்ணெய் செலவுக்குப் பயந்துதான் அப்படி வைத்தார்களோ என்னவோ, அமைப்பு சரியானது.

இதற்கு விதிகள் எழுதிய ஊர்கள் உண்டு. பிரான்ஸில் 2013 முதல் கட்டட முகப்பு விளக்குகளை அதிகபட்சம் நள்ளிரவு 1 மணிக்குள் அணைத்தாக வேண்டும். 2018 டிசம்பரில் வந்த ஆணை, விளக்கின் நிறத்துக்கும் மேல்நோக்கிச் சிந்தும் ஒளிக்கும் வரம்பு வைத்தது. அமெரிக்காவில் ஒளியியல் பொறியாளர்களும் இரவு வானத்தின் இருளைக் காக்கப் பாடுபடும் சங்கத்தினரும் சேர்ந்து 2011-இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள். அதில் பகுதிகளை 0 முதல் 4 வரை பிரித்து, காட்டுக்கு ஒரு அளவு, கடைவீதிக்கு ஒரு அளவு என்று வைத்திருக்கிறார்கள். நம் நாட்டின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பும் பெரிய வணிகக் கட்டடங்களின் வெளிவிளக்குகளுக்கு ஒளி சென்சாரோ நேரக் கருவியோ கேட்கிறது, வாட் அளவுக்கும் வரம்பு வைக்கிறது. ஆனால் விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இத்தனை வருடத்தில் பிளான் அப்ரூவலின்போது என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. செட்பேக்கை, அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தை, மட்டும் டேப் பிடித்து அளந்தார்கள்.

பெசன்ட் நகரில் செய்தது சின்ன வேலைதான். இரண்டு ஃபோகஸ் லைட்டையும் கழற்றிவிட்டு, கேட்டின் மேல் பீமுக்கு அடியில் தரையைப் பார்த்து இரண்டு 9 வாட் விளக்கு, வடிகால் மூடிப் பக்கம் கம்பவுண்டு சுவரில் தாழ்வாக மூடிபோட்ட 7 வாட் விளக்கு ஒன்று. எல்லாம் 3000 கெல்வின் வார்ம் ஒயிட், அதாவது லேசான மஞ்சள் நிற வெளிச்சம். 100 வாட் இருந்த இடத்தில் 25 வாட். கூல் ஒயிட்தான் பளிச்சென்று இருக்கும் என்று எலெக்ட்ரீஷியன் கடைசிவரை வாதாடினார். அந்தப் பளிச்சில் நீலம் அதிகம். கண் அதிகம் கூசுவது அதனால்தான்.

திருட்டு பயம் நியாயமானது. செயலாளரை வாட்ச்மேன் அறைக்கு அழைத்துப் போய் பழைய சி.சி.டி.வி பதிவைப் போட்டுக் காட்டினேன். வெளிச்சமெல்லாம் பின்னால் தெருவில் இருந்ததால் கேட்டுக்குள் வந்தவர்கள் எல்லோரும் கறுப்பு உருவங்கள். பால்காரரையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. புது விளக்குகள் வந்தபின் முகம் தெரிகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கடலைப் பார்த்து வரிசையாக அலங்கார விளக்குகள் இருக்கின்றன. ஜனவரியிலிருந்து இந்தக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ஒன்றரை மாதம் கழித்து வெளிவரும் குஞ்சுகள் எந்தப் பக்கம் வானம் வெளிச்சமாக இருக்கிறதோ அதுதான் கடல் என்று நம்பி நகரும். நம் விளக்குகள் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். அந்த விளக்குகள் ஒரு கல்யாணத்துக்காகப் போட்டதாம். பொங்கலுக்குள் கழற்றிவிடுவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். தை பிறந்ததும் ஒருநாள் ராத்திரி அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும்.