சொல் விளக்கம்: தண்டப்பணத் தள்ளுபடி

இளவயதில் குற்றம் செய்தவர் மீது நீதிமன்றம் சுமத்திய தண்டத்தையும் கட்டணத்தையும் கட்ட வேண்டாம் என்று விட்டுவிடுவதே தண்டப்பணத் தள்ளுபடி.

'தண்டம்' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கோல் என்று பொருள். கோலால் அடிப்பது தண்டனையாகி, பிறகு தண்டனையாகக் கட்டும் பணத்தையும் குறித்தது. இலங்கை மலையகத்தில் நம் வாயில் அது 'தெண்டம்'. வீணாய்ப் போன செலவையும் தெண்டம் என்றுதான் சொல்கிறோம். 'அபராதம்' என்பதும் வடசொல்லே. மூலத்தில் அது குற்றத்தைக் குறித்தது, தமிழில் குற்றத்துக்குக் கட்டும் காசாகிவிட்டது. தனித்தமிழ் வேண்டுமென்றால் 'ஒறுப்பு' இருக்கிறது. குற்றத்துக்கு ஏற்ற அளவில், அது மீண்டும் நடக்காதபடி ஒறுப்பவனே வேந்தன் என்கிறது 561ஆவது குறள். பழைய கல்வெட்டுகளில் மன்றத்துக்குக் கட்டிய தண்டத்துக்கு 'மன்றுபாடு' என்று பெயர். அழகான சொல், ஆனால் இன்று யாருக்கும் புரியாது. இலங்கைத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த 'தண்டப்பணம்' போதும்.

'தள்ளுபடி' நல்ல தமிழ். செல்லுபடி போல, 'தள்ளு' என்பதோடு 'படி' சேர்ந்து பெயராகியிருக்கிறது. ஒரு குழப்பம் மட்டும் உண்டு. 'வழக்குத் தள்ளுபடி' என்றால் வழக்கே முடிந்தது. தண்டப்பணத் தள்ளுபடியில் தீர்ப்பு அப்படியே நிற்கும், பணம் மட்டும் போகும். மனு எழுதிக் கொடுப்பவர்கள் இதைத் தாய் தகப்பனுக்கு விளங்கப்படுத்தத்தான் வேண்டும்.

ஏனென்றால் காசு கட்டப்போவது அந்தத் தாய் தகப்பன்தான். இலங்கையில் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்திலேயே பிள்ளைக்கு விதித்த தண்டத்தைப் பெற்றோர் கட்டும்படி நீதிமன்றம் கட்டளையிட இடமிருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு 'பேர்' என்று கணக்கு வைப்பார்கள். 2024இல் வர்த்தமானியில் (அரசிதழில்) வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் 10,000 ரூபாய் தெண்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அம்மா ஏழு 'பேருக்கு' மேல் போட வேண்டும், அதுவும் ஒரு வாய் சோற்றுக்குக்கூட அதிலிருந்து எடுக்காமல். கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப்பேர்தான் விழும். பையன் செய்த பிழைக்குத் தங்கச்சியின் பள்ளிக்கூடச் செலவு போகிறது. இதை ஒறுப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதனோடு ஒட்டிய சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. இனிமேல் யாரிடமும் வாங்குவதில்லை என்று சட்டமே மாறினால் அது 'நீக்கம்'. ஏற்கனவே ஏறிய கடனை அழித்தால் 'தள்ளுபடி'. வறுமையைப் பார்த்து ஒருவருக்கு மட்டும் விட்டால் 'விலக்களிப்பு'. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் முதல் இரண்டும் தனித்தனியாக நடந்தன. பிள்ளையைத் தடுத்துவைத்த நாட்களுக்கும் நன்னடத்தைக் கண்காணிப்புக்கும் பெற்றோரிடம் கட்டணம் வாங்கி வந்ததை, 2018 சனவரியிலிருந்து ஒரு சட்டம் நீக்கியது. அதற்கு முந்திய பாக்கி அப்படியே கிடந்தது. அதைத் தள்ளுபடி செய்ய 2020இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

அப்புறம், 'நட்டஈடு' வேறு. அது பாதிக்கப்பட்டவருக்குப் போகிற பணம். கலிஃபோர்னியாவின் 2018 நீக்கம் அதைத் தொடவில்லை.