அடியில கருப்பு அடிச்சாச்சு, இனிமே துரு வராதா?

நேத்து திரும்பவும் ஒரு கார். டயர் மாத்த ஜாக்கி வச்சிருக்காங்க, கார் மேல ஏறல, ஜாக்கிதான் உள்ள போயிருக்கு. ஜாக்கி வைக்கிற இடத்துல தகடுன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, வெறும் பொருக்கு. ஓனர் கேட்ட முதல் கேள்வி, "அண்டர்கோட்டிங் அடிச்ச வண்டியாச்சேங்க, எப்படி துரு பிடிக்கும்?" இதே கேள்விக்கு எத்தனை பேருக்குத்தான் தனித்தனியா பதில் சொல்றது, மொத்தமா எழுதிடறேன்.

அண்டர்கோட்டிங்னா கார் அடியில அடிக்கிற கருப்பு பூச்சு, அது துருவை குணமாக்குற மருந்து கிடையாதுங்க. நல்லா இருக்கிற தகட்டுல தண்ணி, காத்து, உப்பு படாம பார்த்துக்கிற ஒரு படலம், அவ்ளோதான் அதோட வேலை. ஏற்கனவே துரு இருக்கிற இடத்துலயோ, வாட்டர் வாஷ் முடிஞ்சு ஈரம் காயுறதுக்கு முன்னாடியோ அந்த கருப்பை அடிச்சுட்டா ஈரம் உள்ள மாட்டிக்கும், துரு உள்ளுக்குள்ளயே தின்னுட்டு போகும். இரும்பு துருவா மாறும்போது முன்னாடி இருந்ததை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் எடுக்கும், அந்த உப்பல் கோட்டிங்கை தூக்கும், தூக்கின ஓரம் வழியா இன்னும் தண்ணி இறங்கும், கீழ குனிஞ்சு பார்த்தா மட்டும் கருகருன்னு புதுசு மாதிரி இருக்கும். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிற கதைதான். சும்மா விட்டிருந்தாகூட கண்ணுல பட்டிருக்கும், ஆரம்பத்துலயே சரி பண்ணியிருக்கலாம். பழைய வண்டி வாங்கப் போறவங்களுக்கும் இதான் சொல்றேன், அடியில புத்தம்புது கருப்பு தெரிஞ்சா ஒரு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டிப் பாருங்க, நல்ல தகடு கணீர்னு கேக்கும், அரிச்ச தகடு சத்தமே சொத்தையா இருக்கும்.

அப்போ ஏற்கனவே துரு இருந்தா? மேலோட்டமா இருந்தா வயர் பிரஷ் போட்டு பொருக்கை எல்லாம் உதிர்க்கணும், ரஸ்ட் கன்வர்ட்டர் தடவணும் (பெரும்பாலும் பாஸ்பாரிக் ஆசிட்டோ டானிக் ஆசிட்டோ இருக்கும், துரு கருப்பா மாறும்), நல்லா காயவிட்டு பிரைமர், அப்புறம்தான் கோட்டிங். ஓட்டை விழுந்துட்டா அந்த தகட்டை வெட்டி எடுத்துட்டு புதுசு வெல்டிங் பண்றதுதான் வழி. பட்டி (பள்ளத்தை நிரப்புற பசை) வச்சு மூடி தரச் சொல்லாதீங்க, சஸ்பென்ஷன் மாட்டுற இடத்துல பட்டி எதைத் தாங்கும்?

அடுத்த கொடுமை டிரெயின் ஹோல். கதவுக்கு அடியில, படிக்கு கீழ இருக்கிற பெட்டி மாதிரியான பகுதியில சின்னச் சின்ன ஓட்டை கம்பெனியே விட்டிருப்பான், உள்ள போற தண்ணி வெளிய வர்றதுக்கு. அவசரத்துல ஸ்ப்ரே அடிக்கிறவங்க அதையும் சேர்த்து அடைச்சிடறாங்க. நேத்து வந்த வண்டியிலயும் அதே கதை, ஒரு ஓட்டையை கம்பியால குத்தினதும் மக்கின இலையும் சேறுமா கலங்கல் தண்ணி கொட்டுச்சு. துரு பாதி நேரம் உள்பக்கத்துல இருந்துதான் வெளிய வருது, வெளிய எத்தனை கோட் அடிச்சாலும் உள்ள ஒரு பிரயோஜனமும் இல்ல. அந்தப் பெட்டிக்குள்ள மெழுகு மாதிரி இருக்கிற வேக்ஸ் டைப்தான் சரி, இடுக்குல தானா ஊர்ந்து போகும். கல் அடிபடுற வீல் ஆர்ச்சுக்கு (டயருக்கு மேல இருக்கிற வளைவு) மட்டும் தடிமனான ரப்பர் டைப் போடுங்க. வேக்ஸ் நாளடைவில கழுவிப் போயிடும், ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க திரும்ப அடிக்கணும், அதுக்கு சலிச்சுக்கக் கூடாது.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில அடிக்கிற ஆளுங்களுக்கு கும்பிடு போட்டு கேட்டுக்கறேன், வேணாம். ரப்பர் புஷ் (இணைப்புகள்ல அதிர்வைத் தாங்குற ரப்பர் துண்டு) எல்லாம் ஊறி உப்பிடும், பிரேக்ல பட்டா பிரேக் பிடிக்காது, உடம்புக்கும் மண்ணுக்கும் கேடு.

சைலன்சர், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையை சுத்தம் பண்ற பாகம்), பிரேக் டிஸ்க், ஹேண்ட்பிரேக் கேபிள், சென்சார், இதெல்லாம் பேப்பர் ஒட்டி மூடிட்டுதான் ஸ்ப்ரே அடிக்கணும். சூடாகுற பாகத்துல பட்டா புகை வரும், தீயே பிடிக்கலாம். அடிக்கிறதுக்கு முன்னாடி லிஃப்ட்ல ஏத்தி நீங்களே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, போட்டோ எடுக்க விட மாட்டேன்னு சொல்ற இடத்துல வண்டியைக் கொடுக்காதீங்க.

கடலோரமா ஓட்டுறவங்க, பனிக்கு ரோட்டுல உப்பு போடுற ஊர்ல ஓட்டுறவங்க, அடிக்கடி அடியில நல்ல தண்ணி பீச்சி கழுவுங்க, வீல் ஆர்ச் மடிப்புல ஒட்டியிருக்கிற சேத்தை விரல் விட்டாவது எடுங்க, அது காயவே காயாது. உப்போட ஈர வண்டியை அப்படியே கதகதப்பான, காத்து போகாத ஷெட்ல பூட்டி வைக்காதீங்க, குளிர்ல வெளிய நிக்கிறதை விட அங்கதான் துரு வேகமா போகும்.

கடைசியா பிரேக் பைப், அதாவது பிரேக் ஆயில் போற குழாய். இரும்பு பைப்தான் நிறைய வண்டியில, அதுல பொருக்கு கிளம்பியிருந்தா "அது மேலயும் ஒரு கோட் அடிச்சு விட்டுடுங்க"ன்னு சொல்லாதீங்க ப்ளீஸ். பைப்பை மாத்துங்க.