மவுண்ட்: ‘ஏற்று’ அல்ல, ‘பொருத்து’

‘வட்டை ஏற்ற முடியவில்லை.’ லினக்ஸ் கணினியைத் தமிழில் வைத்திருப்பவர் பென்டிரைவைச் செருகியதும் இப்படி ஒரு வரி வந்தால் என்ன நினைப்பார்? கோப்புகள் எங்கோ ஏற வேண்டும், ஏறவில்லை என்றுதான் நினைப்பார். கணினித் தமிழில் ‘ஏற்று’ என்றால் லோடு என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். அப்லோடு பதிவேற்றம், டவுன்லோடு பதிவிறக்கம், பக்கம் திறக்கும்போது சுழலும் வட்டத்துக்குக் கீழே ‘ஏற்றப்படுகிறது’. இவ்வளவுக்கும் பிறகு, வெளி டிரைவைக் கணினியின் கோப்புறைகளோடு சேர்த்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் மவுண்ட் என்பதற்கும் அதே ‘ஏற்று’வைக் கொண்டுவந்து வைப்பது பிழை. சின்னப் பிழையும் அல்ல. பென்டிரைவில் எழுத முடியாமல் தவிப்பவர்கள் தப்பான இடத்தில் தேடுவதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சில் ‘ஏறு’ என்ற வினை வந்தது; அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. குதிரைமேல் ஏறுவது ஒரு பொருள். ஒன்றை அதற்குரிய தாங்கியில் நிலையாக வைப்பது இன்னொரு பொருள்: மோதிரத்தில் கல், வண்டியில் பீரங்கி. கணினிக்கு வந்தது இந்த இரண்டாவது பொருள்தான். காந்த நாடாச் சுருளையும் வட்டுத் தொகுப்பையும் ஆள் கையால் எடுத்து இயக்கியில் மாட்டிய காலம் அது. லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸுக்கு 1971 நவம்பரில் வந்த முதல் பதிப்புக் கையேட்டிலேயே மவுண்ட் கட்டளை இருக்கிறது. அதற்கு எதிர்க் கட்டளை ‘அன்மவுண்ட்’ அல்ல, ‘யுமவுண்ட்’. நடுவில் ஓர் எழுத்து குறைவு, இன்றும் அப்படியேதான்.

‘ஏற்று’ என்று எழுதியவர் அகராதியைத் திறந்து முதல் பொருளோடு மூடிவிட்டார். குதிரைக்குச் சரியான சொல் பென்டிரைவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

லினக்ஸில் மவுண்ட் என்ன செய்கிறது என்று பார்த்தாலே ‘ஏற்று’ ஏன் பொருந்தாது என்பது தெரியும். இங்கே விண்டோஸில் இருப்பதுபோல ‘டி’, ‘ஈ’ என்று தனித்தனி டிரைவுகள் கிடையாது. கணினி முழுவதற்கும் ஒரே கோப்புறை மரம். பென்டிரைவில் உள்ள கோப்பு முறைமையை (கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பை) அந்த மரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்புறையின்மேல் கொண்டுபோய்ப் பொருத்துகிறோம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் அது மீடியா கோப்புறைக்குள் பயனர் பெயரின்கீழ் வரும். ஃபெடோரா என்ற வகையில் ரன் கோப்புறைக்குள் இருக்கும் மீடியாவில் வரும். ஒரு கோப்பும் நகர்வதில்லை. ஒரு பைட்கூட கணினியின் வட்டுக்கு வருவதில்லை. மிக்சியின்மேல் ஜாரைப் பொருத்துகிறோமே, அதுதான் இது. ஜாரில் இருக்கும் மாவு ஜாரிலேயே இருக்கிறது. பொருத்தினால் ஓடும், கழற்றினால் எடுத்துக்கொண்டு போகலாம்.

இன்னொன்றும் உண்டு. பொருத்தும் கோப்புறைக்குள் முன்பே ஏதாவது கோப்புகள் இருந்தால், பொருத்தியிருக்கும்வரை அவை மறைந்துவிடும். அழியாது; கழற்றியதும் மீண்டும் தெரியும். ‘ஏற்று’ என்று படித்தவர், புதிய கோப்புகள் பழையவற்றோடு சேர்ந்து ஏறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். பழையவை காணாமல் போனதும் பதறுகிறார். ‘மேலே பொருத்தியிருக்கிறது’ என்று படித்தவருக்கு இந்தப் பதற்றம் வராது. மேலே ஒன்று இருந்தால் கீழே இருப்பது தெரியாது என்பது யாருக்கும் புரியும்.

‘ஏற்று’வைவிட மோசம் அதன் இணை. அன்மவுண்ட்டுக்கு ‘இறக்கு’ என்கிறார்கள். பதிவிறக்கம், இறக்குமதி என்று ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கும் சொல் அது, இரண்டுமே வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருவது. பென்டிரைவின் பெயர்மேல் வலது சொடுக்கினால் வரும் பட்டியலில் ‘இறக்கு’ என்று இருந்தால், கோப்புகளைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் வழி என்று ஒருவர் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. பக்கத்திலேயே எஜெக்டுக்கு ‘வெளியேற்று’ என்று வேறு இருக்கும். ‘ஏற்று’வும் ‘வெளியேற்று’வும் ‘இறக்கு’வும் ஒரே பட்டியலில் நின்றால், எது எதற்கு எதிர்ச்சொல்? வாசிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பு வாசகரை ஊகிக்க விடக்கூடாது.

‘பொருத்து’வில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சுவரில் டிவியைப் பொருத்துகிறோம், கூரையில் மின்விசிறியைப் பொருத்துகிறோம். மவுண்ட்டின் இரண்டாவது பொருளுக்குத் தமிழர் வாயில் ஏற்கெனவே புழங்கும் வினை இது. இலக்கணமும் கைகொடுக்கிறது. பொருந்து தன்வினை, பொருத்து பிறவினை. கோப்பு முறைமையின் வகை தவறு என்று கட்டளை மறுக்கும்போது ‘பொருந்தவில்லை’ என்று இயல்பாகச் சொல்லலாம். எதிர்ப்பக்கம் கழல், கழற்று என்று அதே அமைப்பு. மவுண்ட் பாயின்ட் ‘பொருத்துமிடம்’. ‘ஏற்றப் புள்ளி’ என்பதை எவராவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். அதற்குமேல் வாதம் தேவையில்லை. ரீமவுண்ட் ‘மறுபடி பொருத்து’. யுமவுண்ட்டை எல் என்ற விருப்பத்தோடு கொடுத்தால், பயன்பாடு முடிந்த பிறகு தானாக விடுபடும் அல்லவா, அது ‘கழலவிடு’.

‘இணை, துண்டி’ என்று ஒரு பரிந்துரையும் உண்டு. ‘ஏற்று’வைவிட மேல், ஆனால் இணைப்பு என்பது லிங்குக்கும் அட்டாச்மென்டுக்கும் நெட்வொர்க் கனெக்‌ஷனுக்கும் போய்விட்டது. லினக்ஸில் சிம்பாலிக் லிங்க் (வேறோர் இடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) என்று வேறு ஒன்று கோப்புறைகளோடேயே வாழ்கிறது. இரண்டையும் இணைப்பு என்றால் கற்பவர் குழம்பியே தீருவார். ‘கழற்று’ என்றால் கையால் பிடுங்குவது என்று ஆகிவிடாதா என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் கையால் செய்வதற்கு வேறு சொற்களை ஒதுக்க வேண்டும்: செருகு, உருவு. செருகு, பொருத்து, பயன்படுத்து, கழற்று, உருவு. இந்த வரிசையைச் சொல்லிவிட்டால் தனியாக எச்சரிக்கை எழுத வேண்டியதில்லை. தனித்தமிழ் வேண்டாம் என்பவர்கள் ‘மவுண்ட்’ என்றே எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. புரியாத ஆங்கிலச் சொல் வாசகரைக் கேட்க வைக்கும். தவறாகப் புரியும் தமிழ்ச்சொல் கேட்கவும் விடாது.

சொல்லில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதிச் சிக்கல்தான். வெளி டிரைவின் அனுமதிகளில் பெரும்பகுதி, அதை எப்படிப் பொருத்தினோம் என்பதில் தீர்மானமாகிறது. பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமை வகைகளில் கோப்பின் உரிமையாளர் யார் என்று எழுதி வைக்க இடமே கிடையாது. பொருத்தும்போது கொடுக்கும் விருப்பங்களை வைத்துக் லினக்ஸின் மையமான கர்னல் ஓர் உரிமையாளரைக் காட்டுகிறது, அவ்வளவே. கோப்பு மேலாளரில் சொடுக்கினால், டிரைவுகளைக் கவனிக்கும் யுடிஸ்க்ஸ் சேவை உங்கள் பயனர் எண்ணைக் கொடுத்துப் பொருத்தும், சிக்கல் வராது. கட்டளை தட்டும் முனையத்தில், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ போட்டு வெறும் மவுண்ட் கட்டளை கொடுத்தால், பென்டிரைவ் முழுவதும் ரூட் என்ற நிர்வாகியின் உடைமையாகத் தெரியும். படிக்கலாம், எழுத முடியாது.

இங்கேதான் எல்லோரும், யாருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மோட் 777 என்று பாய்கிறார்கள். ஃபேட்டில் அது பிழை எதுவும் சொல்லாமல் முடிந்துவிடும், அனுமதியோ மாறியிருக்காது. உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கொடுத்தால் ரூட்டுக்கே மறுப்பு வரும். மாற்ற வேண்டியது கோப்பை அல்ல, பொருத்திய விதத்தை. முதலில் கழற்றுங்கள். பிறகு யுஐடி=1000 (பயனர்), ஜிஐடி=1000 (குழு), யுமாஸ்க்=022 (மற்றவர்கள் எழுதத் தடை) என்ற விருப்பங்களோடு மறுபடி பொருத்துங்கள். 1000 என்பது உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் முதல் பயனருக்குக் கிடைக்கும் எண். ‘ஐடி’ என்ற கட்டளையைத் தட்டினால் உங்கள் எண் தெரியும்.

லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 இதற்கு நேர்மாறு. அதில் உரிமையாளரின் எண் வட்டிலேயே பதிந்திருக்கிறது, பெயர் அல்ல. ஒரு கணினியில் 1000 என்பவர் எழுதிய கோப்பு, உங்களுக்கு 1001 கிடைத்திருக்கும் கணினியில் வேறொருவருடையதாகத் தெரியும். முனையத்தில் சூடோவோடு புதிதாக வடிவமைத்த டிரைவின் உச்சிக் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கும். இங்கே சிஎச்ஓன் வேலை செய்யும், ஆனால் பொருத்திய பிறகு கொடுக்க வேண்டும். பொருத்துவதற்கு முன் கொடுத்தால் கீழே இருக்கும் வெற்றுக் கோப்புறைக்குத்தான் உரிமையாளர் மாறுவார். மேலே டிரைவைப் பொருத்தியதும் அந்த மாற்றம் மறைந்துவிடும். ‘ஏற்று’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஒரு வரியை விளக்க முடியுமா என்று மொழிபெயர்ப்பாளர்கள் முயன்று பார்க்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குள்ள குறை ஒரு சொல்லோடு நிற்பதில்லை. லினக்ஸ் மறுக்கும்போது ஒரே விதமாக மறுப்பதில்லை. பிழை எண் 13, அந்தக் கோப்புக்கு உங்களுக்கு அனுமதி இல்லை என்கிறது. பிழை எண் 1, இந்தச் செயலே இங்கே செல்லாது என்கிறது. ஃபேட்டில் சிஎச்ஓன் கொடுத்தால் வருவது இதுதான். பிழை எண் 30, கோப்பு முறைமையே படிக்க மட்டும் பொருத்தப்பட்டிருக்கிறது என்கிறது. இவற்றைத் தவிர போல்கிட் என்ற சேவை, இந்த வட்டைப் பொருத்த நிர்வாகிக்கு மட்டுமே அதிகாரம் என்று தனியாக மறுக்கும். நான்கையும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று தமிழாக்கினால், நான்கு வெவ்வேறு மருந்துகள் உள்ள நோய்களுக்கு ஒரே சீட்டு எழுதிக் கொடுத்ததாகிவிடும். ‘அனுமதி இல்லை’, ‘இச்செயல் இங்கே செல்லாது’, ‘படிக்க மட்டும்’, ‘அதிகாரம் இல்லை’ என்று பிரித்து எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாவதைப் பிரித்துச் சொல்வது மிக அவசியம். கழற்றாமல் உருவிய ஃபேட் பென்டிரைவில் பிழை தட்டுப்பட்டால், கர்னல் அதை ‘படிக்க மட்டும்’ நிலைக்கு மாற்றிவிடும். அப்போது அனுமதியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கழற்றி, பழுது நீக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டி, மறுபடி பொருத்த வேண்டும். எஸ்டி கார்டு என்றால் அதற்கும் முன் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டுத் தாழ் கீழே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகை டிரைவு படிக்க மட்டும் வந்தாலோ பொருந்தவே மறுத்தாலோ, கணினியை முழுதாக அணைய விடாத விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் ஷிஃப்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். பழுது நீக்கிய பிறகும் ஒரு பென்டிரைவ் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் நிலைக்கே போனால் அதன் நினைவகம் தேய்ந்திருக்கலாம். உள்ளதை நகலெடுத்துக்கொண்டு வேறு வாங்குங்கள்.

கோப்பு மேலாளரில் எல்லாம் திறக்கிறது, ஒரு செயலி மட்டும் டிரைவைப் பார்க்க மறுக்கிறது என்றால் அது கோப்பு அனுமதியே அல்ல. ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவில் நிறுவிய செயலிகள் தடுப்புக்குள் ஓடுகின்றன. ஸ்னாப் கனெக்ட் கட்டளையில் செயலியின் பெயரையும் ரிமூவபிள் மீடியா என்ற இடைமுகத்தையும் கொடுத்தால் திறந்துவிடும். ஃபிளாட்பேக் என்ற இன்னொரு தொகுப்பு வடிவம் என்றால் ஃபிளாட்சீல் செயலியில் அந்தக் கோப்புறையைச் சேர்க்க வேண்டும்.

‘கழற்று’ கொடுக்கும்போது வரும் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்பதை ‘இலக்கு மும்முரமாக உள்ளது’ என்று மொழிபெயர்த்துப் பயனில்லை. ‘டிரைவு பயன்பாட்டில் இருக்கிறது’ என்பதே போதும். யார் பயன்படுத்துவது என்று எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் பொருத்துமிடத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் அந்தக் கோப்புறைக்குள்ளேயே திறந்து விட்ட ஒரு முனையம் இருக்கும். அதிலிருந்து வெளியே வந்துவிட்டு மறுபடி கழற்றுங்கள். நகலெடுப்பு முடிந்ததாகத் திரை சொன்னாலும் கடைசிப் பகுதி ரேமிலேயே காத்திருக்கலாம்; அது டிரைவில் எழுதி முடிந்த பிறகே கழற்றல் முடியும். பெரிய கோப்பும் மெதுவான பென்டிரைவும் சேர்ந்தால் சில நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை உருவாதீர்கள்.