வேலையை விடாமல் பி.எச்.டி.: கம்பெனி தரும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

கோவையில் டூலிங் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி போன வாரம் கூப்பிட்டான். "அண்ணா, எம்.டி. சரின்னுட்டார். மிஷின் எடுத்துக்கோ, ஹோல்டர் எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கோன்னு சொல்றார். யுனிவர்சிட்டில என்.ஓ.சி. கேக்குறாங்க. அதுல என்ன எழுதி வாங்கணும்?" மிஷினில் வெட்டும் டூலைப் பிடித்திருக்கும் டூல் ஹோல்டரைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவான். இந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் 7 அன்று அறிவித்த பி.எச்.டி. விதிமுறைகள் பகுதிநேர ஆய்வை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. வேலையில் இருப்பவர் நிறுவனத்திடமிருந்து ஆட்சேபணை இன்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., வாங்கித் தர வேண்டும். அதில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். இவர் பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு. இவருடைய அலுவல் வேலை ஆய்வுக்குப் போதிய நேரம் தரும். தேவைப்பட்டால் பாடப்பகுதியை (கோர்ஸ் ஒர்க்) முடிக்க வேலையிலிருந்து விடுவிப்போம்.

முதல் இரண்டையும் எந்த எச்.ஆரும் யோசிக்காமல் எழுதிக் கொடுத்துவிடுவார். சிக்கல் மூன்றாவதில். பாடப்பகுதி குறைந்தது 12 கிரெடிட்; அதில் குறைந்தது 55 சதவீதம் எடுத்தால்தான் ஆய்வைத் தொடர முடியும். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பி.எச்.டி. கிடையாது. மாதக் கடைசி டிஸ்பாட்ச் நெருக்கடியில் "நாளைக்கு கிளாஸ் இருக்கு சார்" என்று போய் நின்றால் புரொடக்‌ஷன் மேனேஜர் முகம் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த நாள், எத்தனை மாதம், சம்பளத்தோடா இல்லையா என்று கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். விதி அவ்வளவு கேட்கவில்லை. ஆனால் மேனேஜர் மாறினால் வாய்ப்பேச்சு செல்லாது.

தகுதி, முழுநேர மாணவருக்கு உள்ளதுதான். எம்.இ. அல்லது எம்.டெக்.கில் 55 சதவீதம். நான்காண்டு பி.இ. மட்டும் படித்தவர் 75 சதவீதம் வைத்திருந்தால் அவரும் வரலாம். இது பலருக்குத் தெரியாது. எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. முதன்மை வழிகாட்டி பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும். உங்கள் ஆர் அண்டு டி தலைவரை இணை வழிகாட்டியாகச் சேர்க்க முடியுமா என்பதைப் பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி.க்களுக்குத் தனி விதிகள். அங்கே போகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு கிடைக்கும். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை.

பணத்தைப் பற்றி இந்த விதி பேசுவதில்லை. சம்பளம் வரும், உதவித்தொகை வராது. கட்டணம் யார் கட்டுவது, சோதனையில் உடையும் டூல் யார் கணக்கு, துல்லியமாக அளவெடுக்கும் சி.எம்.எம். மிஷின் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதையெல்லாம் கம்பெனியும் பல்கலைக்கழகமும் தனி ஒப்பந்தமாகப் போட வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தில் எல்லோரும் கோட்டை விடும் இடம் ரகசியம். தம்பியின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பல் எண்ட் மில், அதாவது சுழன்று வெட்டும் டூல்; ஒரு பல்லுக்கு 50 மைக்ரான் ஃபீட், அதாவது ஒவ்வொரு பல்லும் 50 மைக்ரான் வெட்ட வேண்டும். ஹோல்டரில் டூலை இறுக்கும் காலெட்டில் பிடித்து, ஆட்டத்தை அளக்கும் லீவர் டயல் வைத்துச் சுற்றினால் முள் 20 மைக்ரான் ஆடுகிறது. ஆட்டம் சரியாகப் பற்களின் திசையில் விழுந்தால் ஒரு பல் 70 மைக்ரான் வெட்டும், அடுத்தது 30தான் வெட்டும். முதல் பல் சீக்கிரம் தேயும். மொத்த டூலும் அதோடு போச்சு. இந்த ஆட்டத்தைக் குறைக்க ஹோல்டரின் உட்புறத்தில் அவன் ஒரு மாற்றம் யோசித்து வைத்திருக்கிறான். கம்பெனி இவனுக்கு மிஷினைத் திறந்து விடுவதே அந்த மாற்றத்துக்காகத்தான்.

ஆனால் பட்டம் கொடுக்கும் முன் ஆய்வேட்டின் மின்னணுப் பிரதி மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குப் போக வேண்டும் என்கிறது அதே விதி. அங்கே அது ஷோத்கங்கா தளத்தில் எல்லோரும் படிக்கும்படி ஏறும். வாய்மொழித் தேர்வும் மூடிய அறையில் நடப்பதில்லை. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் விஷயம் வெளியே வந்துவிட்டால் 'புதியது' என்ற தகுதி போய்விடும். அறிவியல் சங்கக் கூட்டத்தில் படித்த கட்டுரைக்கு 12 மாத விலக்கு ஒன்று காப்புரிமைச் சட்டத்தில் உண்டு. அது குறுகிய வாசல், அதை நம்பி இறங்காதீர்கள்.

அதனால் முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கம்) காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். ஆன்லைனில் தனிநபருக்கு 1,600 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 8,000. முழு விவரக்குறிப்பு தர அதிலிருந்து 12 மாதம் இருக்கிறது.

விண்ணப்பம் யார் பேரில்? கண்டுபிடிப்பாளரோ, அவர் யாருக்கு உரிமையை எழுதிக் கொடுத்தாரோ அவரோ விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டம். ஊழியர் கண்டுபிடித்தால் தானாகவே முதலாளிக்கு என்று அதில் இல்லை. ஆனால் உங்கள் வேலை நியமனக் கடிதத்தில் அப்படி ஒரு வரி இருக்கலாம். பல்கலைக்கழகத்துக்கும் அதன் கொள்கை இருக்கலாம். இரண்டும் மோதினால் நடுவில் மாட்டுவது மாணவர்தான்.

தம்பியிடம் இதைச் சொன்னதும், "நியமனக் கடிதத்தை ஒருதரம் எடுத்துப் பாக்குறேன் அண்ணா" என்றான். ஒன்பது வருடமாக ஊரில் பீரோவுக்குள் கிடக்கிறதாம். பார்த்துவிட்டுத்தான் எம்.டி.யிடம் போகச் சொல்லியிருக்கிறேன். நடுவில் வேலை மாறினால் அதுவரை எடுத்த அளவீடுகளை ஆய்வேட்டில் பயன்படுத்த அனுமதி தொடரும் என்ற ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.