அப்பா யார் என்று எங்களுக்கே தெரியாது

நெடுந்தொடர்களுக்குக் கதை எழுதுவது என் தொழில். புதிதாக எழுத வருபவர்கள், முடிவை யோசித்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். நான் பட்ட ஒரு அவஸ்தையைத்தான் முதலில் சொல்வேன்.

நாயகியின் அப்பா யார் என்ற மர்மத்தை இரண்டு வருடம் இழுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று சேனலிலிருந்து போன்: இன்னும் பதினைந்து எபிசோடில் முடித்துவிடுங்கள். கதை விவாதத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது! கடைசியில், வயதான நடிகர்களில் யாருக்குக் கால்ஷீட் கிடைத்ததோ அவரே அப்பா ஆனார். பார்த்தவர்களுக்குக் கோபம் வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எல்லாத் தொடருக்கும் இது பொருந்தாது. அமெரிக்காவின் 'கைடிங் லைட்' 1937-இல் வானொலியில் தொடங்கி, 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடியது. தினமும் வந்துபோகும் உறவுக்காரர்களைப் போன்ற கதை அது. முடிவு எப்போது என்று கேட்டு யாரும் அதன் முன் உட்காரவில்லை. மர்மத்தோடு ஆரம்பிக்கும் கதை வேறு. அது முதல் நாளே கடன் வாங்கிவிடுகிறது. 'லாஸ்ட்' என்ற அமெரிக்க மர்மத் தொடரை உருவாக்கியவர்கள் முடியும் தேதி வேண்டுமென்று சேனலிடம் வற்புறுத்தியதும் அதனால்தான். இன்னும் 48 எபிசோட், 2010-இல் முடிவு என்று 2007-இல் அறிவிப்பு வந்தது. கடைசி எபிசோடைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது, அது தனிக்கதை. ஆனால் எத்தனை நாள் இருக்கிறது என்று தெரியாமல் எழுதுபவருக்குச் சும்மா இழுப்பதைத் தவிர வழியில்லை.

சரி, முடிவை முன்கூட்டியே பூட்டி வைத்துவிடலாமா? அதிலும் ஆபத்து உண்டு. 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடரில், அம்மாவைச் சந்தித்த கதையை ஒரு அப்பா தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்று, கடைசிக் காட்சியில் அவர்கள் வரும் பகுதியை இரண்டாம் சீசன் நாட்களிலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். 2014-இல் அது ஒளிபரப்பானபோது கதை எங்கேயோ போயிருந்தது. ரசிகர்களின் மனசும்தான். பலருக்கு அந்த முடிவு ஒட்டவே இல்லை.

எனக்குப் பிடித்த வழி 'பாபிலோன் 5' என்ற விண்வெளித் தொடருடையது. ஐந்து வருடக் கதையாகத் திட்டமிட்டவர், நடிகர்கள் யாராவது விலகினால் கதை நிற்கக் கூடாதென்று முக்கியப் பாத்திரங்களுக்கு ஒரு வெளியேறும் வழியும் யோசித்து வைத்திருந்தார். ஐந்தாம் சீசன் கிடைக்குமா என்ற சந்தேகத்தில் நான்காம் சீசனிலேயே கடைசி எபிசோடைப் படமாக்கினார்கள். அனுமதி கிடைத்ததும் அதை எடுத்து வைத்து 1998-இல் காட்டினார்கள்.

இப்போதெல்லாம் கதை நோட்டின் கடைசிப் பக்கத்தில், எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் இந்தக் கதை தீரும் என்பதையும் அந்தப் பதிலையும் பென்சிலில் எழுதி வைக்கிறேன். காட்சி, வசனம் எதுவும் இருக்காது. நூறு எபிசோடுக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். இப்போது ஓடும் தொடருக்கு மட்டும் மூன்று முறை அழித்து எழுதியாகிவிட்டது.