செம்பக்கம்: ஒரு சொல்லும் சில எண்களும்

செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே கிடக்கும் பக்கம்தான் மூன்றிலும் நீளமானது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதைக் கர்ணம் என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அது செம்பக்கம். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு ஹைப்பாட்டனியூஸ். ஒரே கோட்டுக்கு மூன்று பெயர் இருப்பதில் குழப்பம் ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பெயரைச் சொல்கிறோமோ, அதற்கேற்ப அந்தக் கோடு வேறு மாதிரி தெரிகிறது.

ஹைப்பாட்டனியூஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ஹுப்போ’ என்றால் கீழே, ‘தெய்னோ’ என்றால் இழுத்து நீட்டுதல். செங்கோணத்தை மேலே வைத்து முக்கோணத்தை வரைந்தால் பெயரின் பொருள் கண்ணுக்கே தெரியும்: இரண்டு பக்கங்களும் கூரைபோல் சரிந்து இறங்க, அவற்றின் கீழ் நுனிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கோடு அது. இந்த ‘தெய்னோ’வுக்கு நமக்குத் தெரிந்த உறவு ஒன்று உண்டு. நீட்டுதல் என்னும் பொருளில் சமஸ்கிருதத்தில் ‘தன்’ என்றொரு வேர் இருக்கிறது. இரண்டும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. வீணையின் தந்தி அந்த வேரிலிருந்து வந்த சொல்தான். ஹைப்பாட்டனியூஸும் தந்தியும் தூரத்துச் சொந்தம்!

அடுத்தது கர்ணம். சமஸ்கிருதத்தில் கர்ணம் என்றால் காது. கர்ண பரம்பரைக் கதை, கர்ண கடூரம், குண்டலத்தோடு பிறந்த கர்ணன் எல்லாம் இந்தக் காதிலிருந்து வந்தவை. (ஊர்க் கணக்குப் பார்த்த ‘கர்ணம்’ வேறு, அது கரணம் என்னும் சொல்லின் திரிபு.) வடமொழிக் கணித நூல்கள் செங்கோண முக்கோணத்தின் சிறிய பக்கங்கள் இரண்டையும் புஜம், கோடி என்றும், பெரிய பக்கத்தைக் கர்ணம் என்றும் அழைத்தன. புஜம் என்றால் கை, கோடி என்றால் வில்லின் முனை. புஜத்தின் வர்க்கமும் கோடியின் வர்க்கமும் சேர்ந்தால் கர்ணத்தின் வர்க்கம் என்று கி.பி. 499ஐ ஒட்டி எழுந்த ஆரியபடீயம் சொல்கிறது.

கர்ணம் நாற்கரத்தின் மூலைவிட்டத்தையும் குறிக்கும். இதைக் கவனிக்க வேண்டும். ஆரியபடீயத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பௌதாயனரின் சுல்ப சூத்திரம், வேள்விப் பீடங்களைக் கயிற்றால் அளந்து அமைக்கும் விதிகளின் நூல். அதில் இந்த விதியைச் சொல்லும் இடத்தில் முக்கோணமே வராது; செவ்வகமும் அதன் குறுக்கே பிடித்த கயிறும்தான் வரும். நீளமும் அகலமும் தனித்தனியே உண்டாக்கும் சதுரப் பரப்புகளைக் குறுக்குக் கயிறு ஒன்றே சேர்த்து உண்டாக்கும் என்கிறது அந்த நூல். பிறகு, இதை இந்தச் செவ்வகங்களில் காணலாம் என்று ஆறு சோடி எண்களைத் தருகிறது: 3, 4; 12, 5; 15, 8; 7, 24; 12, 35; 15, 36. கடைசிச் சோடியை மூன்றால் வகுத்துப் பாருங்கள். அதே 5, 12 திரும்ப வந்திருக்கிறது.

சரி, செம்பக்கம் எங்கிருந்து வந்தது? செம்மை என்பதற்குச் சிவப்பு என்ற பொருளோடு நேர், ஒழுங்கு, பிசகாமை என்ற பொருளும் தமிழில் உண்டு. செங்கோல், செங்குத்து ஆகியவற்றில் இருப்பது இரண்டாவது பொருள். செங்கோணத்திலும் அதே செம்மைதான். செம்மை கோணத்தோடு சேரும்போது செங்கோணம். பக்கத்தோடு சேரும்போது செம்பக்கம். செங்கோணத்தைப் பார்த்தபடி இருப்பது செம்பக்கம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், எது எந்தப் பக்கம் என்று மாணவருக்கு மறக்காது. காதில் அப்படி ஒரு பிடி கிடைக்காது. கர்ணம் பிழையான சொல் என்று நான் சொல்லமாட்டேன். அது தமிழில் ஊன்றிவிட்ட சொல். ஆனால் இரண்டில் எதைக் கற்பிப்பாய் என்று கேட்டால் தயங்காமல் செம்பக்கம் என்பேன்.

கர்ணம் வரும் தமிழ்ச் செய்யுள் ஒன்று இணையத்தில் அடிக்கடி சுற்றுகிறது. பிதாகரஸுக்கு முன்பே தமிழர் அவருடைய தேற்றத்தைக் கண்டுவிட்டார்கள் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது சொல்லும் வழி இதுதான்: செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களில் நீளமானதை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளு, மிச்சத்தோடு மற்றப் பக்கமான உயரத்தில் பாதியைச் சேர், வருவது கர்ணம். 4, 3 என்று எடுத்தால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. 12, 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. வர்க்கமூலமே வேண்டாம், விடை கச்சிதம்!

15, 8 போட்டால் 17.125 வருகிறது, சரியான விடை 17. 24, 7 போட்டால் 24.5, வரவேண்டியது 25. இந்த வழியைப் பிதாகரஸ் தேற்றத்தோடு சமன்படுத்தித் தீர்த்தால் பக்கங்களின் விகிதத்துக்கு இரண்டே விடைகள் கிடைக்கின்றன: 4க்கு 3, 12க்கு 5. வேறு எந்த விகிதத்திலும் அது தோராயம்தான். ஆகவே அதைத் தேற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு எளிய இரண்டு பின்னங்களை வைத்துக்கொண்டு மிகவும் பழக்கமான இரண்டு முக்கோணங்களுக்கும் அச்சாகப் பொருந்தும்படி செய்திருக்கிறார்களே, அதுவே பெரிய கெட்டிக்காரத்தனம். இல்லாத பெருமையை ஏற்றி இந்த நுணுக்கத்தை மறைத்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

3, 4, 5 போல முழு எண்களாகவே அமையும் மூன்று பக்கங்களுக்குப் பிதாகரஸ் மும்மை என்று பெயர். ஒருமை, இருமை, மும்மை என்று இயல்பாக வரும் நல்ல சொல்.

மும்மைகளில் ஒழுங்கைத் தேட விரும்பினால் செம்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 3, 4, 5. 5, 12, 13. 7, 24, 25. 9, 40, 41 என்ற வரிசையில் செம்பக்கம் அடுத்த பக்கத்தைவிட ஒன்றுதான் கூடுதல். இப்போது சிறிய பக்கத்தின் வர்க்கத்தைப் பாருங்கள். 9 என்பது 4+5. 25 என்பது 12+13. 49 என்பது 24+25. அடுத்தடுத்த இரண்டு எண்களுடைய வர்க்கங்களின் வித்தியாசம் அந்த எண்களின் கூட்டுத்தொகையே என்பதால் இப்படி அமைகிறது. ஆகவே 1ஐ விடப் பெரிய எந்த ஒற்றை எண்ணை எடுத்தாலும், அதன் வர்க்கத்தை ஒன்றுக்கொன்று அடுத்த இரண்டு எண்களாகப் பிரித்தால் ஒரு மும்மை தயார். 11க்கு வர்க்கம் 121. பிரித்தால் 60, 61.

செம்பக்கமாக வரும் எண்களைத் தனியே எழுதினால் இன்னும் வியப்பு. பொதுக் காரணி இல்லாத மும்மைகளில் அது எப்போதும் ஒற்றை எண்தான்: 5, 13, 17, 25, 29, 37, 41... இவற்றில் பகா எண்களை மட்டும் எடுத்து 4ஆல் வகுத்தால் ஒவ்வொன்றிலும் மீதி 1. மீதி 3 தரும் 7, 11, 19, 23 ஆகியவை முழு எண் முக்கோணம் எதிலும் செம்பக்கமாக வரவே வராது. 5 என்பது 1+4, 13 என்பது 4+9, 29 என்பது 4+25. இப்படிச் செம்பக்கம் இரண்டு வர்க்கங்களின் கூட்டாகப் பிரிகிறது. 29ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் வர்க்கங்கள் 5, 2 ஆகியவற்றுடையவை. 25இலிருந்து 4ஐக் கழித்தால் 21. ஐயிரண்டு பத்தை இரட்டித்தால் 20. 20, 21, 29 கிடைத்துவிட்டது. பொதுக் காரணி இல்லாத எல்லா மும்மைகளுமே இந்த ஒரு வழியில் பிறக்கின்றன.

20, 21 ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் பாருங்கள். முழு எண் மும்மையில் சிறிய பக்கங்கள் இரண்டும் சமமாகவே முடியாது. 2இன் வர்க்கமூலம் பின்னமாக அமையாது என்பதே காரணம். ஒன்று வித்தியாசம் வரை நெருங்கலாம், அவ்வளவுதான். 3, 4க்குப் பிறகு 20, 21. அதற்குப் பிறகு 119, 120, செம்பக்கம் 169. இந்த 119ம் 169ம், இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிளிம்டன் 322 என்ற பாபிலோனியக் களிமண் பலகையின் முதல் வரியில் ஆப்பெழுத்தில் பதிந்திருக்கின்றன. பலகையின் வயது ஏறத்தாழ 3,800 ஆண்டுகள். 169 இருக்கும் பத்திக்கு மேலே தலைப்பும் எழுதியிருக்கிறார்கள். அங்கே செம்பக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லின் பொருள், மூலைவிட்டம்.