திருநாட்கள் காட்டும் விண்மீன்கள்

கார்த்திகை தீபம், தைப்பூசம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் ஆகிய பெயர்களில் வானத்தைப் படிப்பதற்கான குறிப்பு ஒன்று அடங்கியிருக்கிறது. முழுநிலவு குறிப்பிட்ட ஒரு நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் காலத்தில் வருபவை இந்நாட்கள். முழுநிலவு சூரியனுக்கு எதிர்த்திசையில் இருப்பதால், சூரியன் மேற்கே மறையும் வேளையில் அது கிழக்கே எழுகிறது. அதனருகே உள்ள நட்சத்திரமும் ஏறத்தாழ அப்போதே எழுகிறது. ஆகவே, ஒரு மாதத்தில் பொழுது சாய்ந்ததும் கிழக்கில் தோன்றும் விண்மீன்கள் எவை என்பதை அம்மாதத்துப் பௌர்ணமித் திருநாளே சொல்லிவிடுகிறது. எனினும், பௌர்ணமியன்றே மொட்டை மாடிக்குச் செல்வதில் பயனில்லை. மங்கலான மீன்கள் நிலவொளியில் மறைந்துவிடும் என்பதால், நிலா தாமதமாக எழும்படி நான்கைந்து நாட்கள் பொறுத்திருப்பது நல்லது.

மார்கழித் திருவாதிரையை எடுத்துக்கொள்வோம். திருவாதிரை எனப்படும் செந்நிற விண்மீன் ஓரியன் கூட்டத்தைச் சேர்ந்தது. மார்கழி முன்னிரவில் கிழக்கே நோக்கினால், சம இடைவெளியில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்கள் முதலில் கண்ணில் படும். அவற்றுக்கு இடப்புறம் திருவாதிரையும் வலப்புறம் நீலவெண்மையான ரைஜெலும் இருக்கும். மூன்று மீன்களின் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணியையும், அதையும் கடந்து சென்றால் சிறு கொத்தாகத் தெரியும் கார்த்திகையையும் நெருங்கலாம். கீழ்நோக்கி நீட்டினால், சற்று நேரம் கழித்து எழும் சிரியஸ் அகப்படும். இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன் அதுதான்.

பூமி சூரியனைச் சுற்றி வருவதால், எந்த விண்மீனும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாகவே எழுகிறது. மாதத்துக்கு இது 2 மணி நேரமாகிறது. எனவே மாசித் தொடக்கத்தில் இரவு 8 மணிக்கெல்லாம் ஓரியன் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். வைகாசி பிறக்கும்போது அந்திவெளிச்சத்தில் மேற்கே சரிந்துவிடும். அதற்கு ஏறத்தாழ எதிர்ப்புறத்தில் இருக்கும் விருச்சிகம் அப்போது மேலெழத் தொடங்கும். சிவந்த கேட்டையை நெஞ்சாகவும் வளைந்த வரிசையை வாலாகவும் கொண்ட இக்கூட்டம், ஆடித் தொடக்கத்தில் இரவு 9 மணியளவில் தெற்கு வானில் முழுமையாகத் தெரியும். லண்டனிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வாலின் தாழ்ந்த வளைவு தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தென்வானத்தைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள்.

பூமியின் அச்சு, சாயும் பம்பரத்தின் தலையைப் போல மெல்ல வட்டமிடுவதால், பருவங்களுக்கும் விண்மீன்களுக்கும் உள்ள பொருத்தம் சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் நழுவுகிறது. தமிழ் மாதங்களோ பருவங்களை அல்ல, விண்மீன்களின் பின்னணியில் சூரியன் நிற்கும் இடத்தையே கணக்கில் கொள்கின்றன. சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள் டிசம்பர் 21 அல்லது 22 ஆக இருக்க, உத்தராயணத் தொடக்கமாகிய தை முதல் நாள் ஜனவரி நடுவில் வருவது இதனால்தான். இன்னும் ஆயிரம் ஆண்டுகள் கழித்துத் தைப்பொங்கல் ஜனவரி இறுதியை நெருங்கியிருக்கும்; ஆனால் அப்போதும் மார்கழி மாலையில் திருவாதிரை கிழக்கேதான் எழும்.